காக்கிச் சட்டையும் ஓட்டுப் பெட்டியும்

அமெரிக்காவில் போலீஸ் அதிகாரியை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அங்கே ‘கவுண்டி’ என்று சொல்வது ஏறக்குறைய நமது ஜில்லா மாதிரி. அதன் போலீஸ் தலைவருக்கு ‘ஷெரீப்’ என்று பெயர். பெரும்பாலான ராஜ்யங்களில் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை அந்த ஷெரீப் ஜனங்களிடம் வந்து கைகூப்பி நிற்க வேண்டும். ‘நான் இன்னார், இன்ன வேலை பார்த்தவன், ஜெயித்தால் முதலில் இதைச் செய்வேன்’ என்று சொல்லி ஓட்டுக் கேட்க வேண்டும். பழைய சென்னைப் பட்டணத்திலும் ஷெரீப் என்று ஒரு பதவி இருந்தது. அது பெரிய மனிதர்களுக்கு மாலை போட்டு வரவேற்கிற அலங்காரப் பதவி. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காரைக்காலில் இப்படி ஒரு தேர்தல் நடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சீனியர் சூப்பிரண்டு நெடுங்காட்டுச் சேரித் தெருவில் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, ‘அம்மா, உங்கள் ஓட்டு எனக்குத்தான்’ என்று கேட்கிறார்! நடவுக்குப் போகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நமக்குத் தெரிந்த போலீஸ் நம்மிடம் ஒன்றும் கேட்காது. நாம்தான் அதனிடம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும்.

ஆனாலும் இந்த விஷயம் நமக்குச் சம்பந்தமில்லாதது அல்ல. போலீஸ் உத்தியோகத்தையே தனது யோக்கியதையாகச் சொல்லி ஒருவர் தலைநகர் டில்லியில் ஓட்டுக் கேட்டார். டில்லி ஜனங்கள் யோசித்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷமும் சில மாதங்களும் கழித்து அதே மனிதர், ஒரு ஓட்டுக்கூட வாங்காமல், புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் மாஹேக்கும் ஏனாமுக்கும் அதிகாரியாக வந்து உட்கார்ந்தார். டில்லி வேண்டாம் என்று சொன்னது காரைக்கால் தலையில் வந்து விழுந்தது. அந்த அபேட்சகர் கிரண் பேடி. அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் அவரைக் கொண்டுவந்த வழி இன்னும் அடைபடவில்லை. ஆகவே அந்தக் கதையைத் திரும்பவும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், அவருடைய பின்னணி. இதில் நாம் வஞ்சகம் செய்யக் கூடாது. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

1949-இல் அமிர்தசரஸில் பிறந்தவர். வசதியான குடும்பம். டென்னிஸ் ஆட்டத்தில் தேசியப் பட்டங்கள் வாங்கியவர். சில காலம் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1972-இல் ஐ.பி.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்தார், அந்த உத்தியோகத்தில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். ஒரு பெண் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஆண்களின் அணிக்கு முன்னால் நடப்பது அந்த நாளில் சாமானிய விஷயமல்ல. 1993-இல் திகார் ஜெயிலுக்கு ஐ.ஜி.யாகப் போனார். இடத்துக்கு மேல் பல மடங்கு கைதிகளை அடைத்து வைத்திருந்த நரகம் அது. அங்கே எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கைதிகள் புகார் எழுதிப் போடுவதற்குப் பெட்டி வைத்தார். தியான வகுப்பு நடத்தினார். 1994-இல் மகசேசே பரிசு வந்தது. ஜெயிலைப் பார்த்த நமது மூத்த தோழர்களைக் கேட்டால், கைதியை மனிதனாக நடத்துகிற அதிகாரி எவ்வளவு அபூர்வம் என்று சொல்வார்கள். அந்தப் பெருமையை அவரிடமிருந்து நாம் பறிக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1988 ஜனவரியில் டில்லி திஸ் ஹஸாரி கோர்ட்டில் ஒரு வக்கீலுக்கு விலங்கு மாட்டிக் கொண்டுவந்ததற்காக வக்கீல்கள் கிளர்ச்சி செய்தார்கள். அந்த வட்டாரத்துக்கு டெபுடி கமிஷனராக இருந்தவர் பேடி. அவருடைய ஆபீஸுக்கு வந்த வக்கீல்கள் மேல் போலீஸ் தடியடி நடத்தியது. விசாரிக்க நீதிபதி வாத்வா கமிட்டி போட்டார்கள். தடியடிக்கு நியாயமில்லை என்று கமிட்டி சொன்னது. கறுப்புக் கோட்டுக்கே இந்த மரியாதை என்றால், முண்டாசு கட்டியவன் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2007-இல் டில்லி போலீஸ் கமிஷனர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு ஜூனியரான ஒருவருக்குப் போயிற்று. அந்த வருஷமே உத்தியோகத்தை விட்டு விலகினார். 2011-இல் அண்ணா ஹஸாரேயின் ஊழல் எதிர்ப்பு மேடையில் ஏறினார். 2015 ஜனவரி நடுவில் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார். நான்கைந்து நாளில் முதல் மந்திரி அபேட்சகர் ஆனார்! கட்சியில் முப்பது வருஷம் கொடி கட்டியவனெல்லாம் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அது அவர்கள் வீட்டு விவகாரம்; நமக்கு வேண்டாம்.

டில்லி வாக்காளரிடம் அவர் சொன்னது என்ன? பெண்களுக்குப் பாதுகாப்பு, ஒழுங்கான நிர்வாகம், தன்னுடைய நாற்பது வருஷ அனுபவம். 2012 டிசம்பரில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவி சீரழிக்கப்பட்டு உயிரிழந்த நகரம் அது. பாதுகாப்பு என்ற வார்த்தைக்கு அங்கே கனம் உண்டு. ஆனால் இதிலே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். டில்லி முதல் மந்திரியின் கையில் போலீஸ் கிடையாது. டில்லி போலீஸ் மத்திய உள்துறை மந்திரியின் கையில் இருக்கிறது. முதல் மந்திரி ஒரு கான்ஸ்டபிளைக்கூட மாற்ற முடியாது. அந்த உள்துறை அப்போது அவருடைய கட்சியின் கையிலேயே இருந்தது. அதாவது, போலீஸ் அனுபவத்தைக் காட்டி, போலீஸ் அதிகாரமில்லாத ஒரு பதவிக்கு ஓட்டுக் கேட்டார்! உழத் தெரியும் என்று சொல்லித் தறிக்கூடத்தில் வேலை கேட்டது போல.

எதிர்த்து நின்ற ஆம் ஆத்மி கட்சி, கரண்டுக் கட்டணத்தைப் பாதியாக்குவோம், வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் தண்ணீர் இலவசமாகத் தருவோம் என்றது. அந்தக் கட்சியைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயங்கள் உண்டு. ஆனால் குடிசைவாசி எதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அந்தத் தேர்தலில் தெரிந்துபோயிற்று. பிப்ரவரி 10-ந் தேதி எண்ணினார்கள். மொத்தம் 70 ஸ்தானங்களில் 67 ஆம் ஆத்மிக்கு. 3 பாரதிய ஜனதாவுக்கு. பேடி அம்மையார், அவருடைய கட்சி வழக்கமாக ஜெயித்துவந்த கிருஷ்ணா நகர் தொகுதியில் நின்று 2,277 ஓட்டில் தோற்றார்.

ஓட்டில் தோற்பது ஒரு குற்றமல்ல. நல்லவர்களும் தோற்றிருக்கிறார்கள், நமது கட்சித் தோழர்கள் தோற்ற கணக்கை எழுதினால் இந்தப் பத்திரிகை போதாது. தோற்ற பிறகு நடந்ததுதான் கேள்வி.

2016 மே மாதம் 16-ந் தேதி புதுச்சேரிச் சட்டசபைக்கு ஓட்டுப் போட்டோம். காரைக்கால் பகுதியின் ஐந்து தொகுதிகளிலும், வெயிலில் வரிசையில் நின்று போட்டோம். 19-ந் தேதி எண்ணினார்கள். மூன்றாம் நாள், 22-ந் தேதி, டில்லியிலிருந்து உத்தரவு வந்தது: லெப்டினெண்ட் கவர்னர் கிரண் பேடி! யாரைக் கேட்டார்கள்? முப்பது தொகுதி வாக்காளர்களைக் கேட்டார்களா? ஜெயித்த கட்சியைக் கேட்டார்களா? ஒருவரையும் கேட்கவில்லை. (நியாயத்தைச் சொல்ல வேண்டுமானால், ஜூன் மாதம் முதல் மந்திரியான நாராயணசாமியும் அந்தத் தேர்தலில் நின்றவரல்ல. வேறொருவர் ராஜினாமா செய்து இடம் கொடுத்து, நவம்பரில்தான் நெல்லித்தோப்பில் ஜெயித்து வந்தார். ஆனால் அவராவது வந்து கேட்டார்.)

அம்மையார் சும்மா உட்காரவில்லை. வாரக் கடைசியில் சைக்கிளில் கிளம்பினார். குப்பை கிடக்கும் இடம், அடைந்த வாய்க்கால் எல்லாம் பார்த்தார். அதிகாரிகளை டெலிபோன் குழுக்களில் சேர்த்து நேரே உத்தரவு போட்டார். சர்க்கார் வேலைக்கு அந்தக் குழுக்களைப் பயன்படுத்தக் கூடாது என்று 2017 ஜனவரியில் முதல் மந்திரி ஆணையிட, அந்த ஆணை செல்லாது என்று அம்மையார் எழுதினார். பட்டணத்து உத்தியோகஸ்தர்களும் வியாபாரிகளும் பலர் இதையெல்லாம் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள் என்பது உண்மை. லஞ்சமும் சோம்பேறித்தனமும் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்களுக்கு ஒரு கண்டிப்பான அதிகாரி வந்தால் பிடித்துத்தான் போகிறது. நமது வாசகர்களிலும் சிலருக்குப் பிடித்திருக்கலாம். நாம் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கண்டிப்பு யார் வயிற்றில் வந்து இறங்கியது?

அரிசிக் கதையைப் பார்ப்போம்.

2018 ஏப்ரல் 28-ந் தேதி அம்மையார் ஒரு உத்தரவு போட்டார். கிராமத்தில் திறந்தவெளியில் யாரும் மலஜலம் கழிப்பதில்லை, குப்பை இல்லை என்று எம்.எல்.ஏ.வும் கொம்யூன் பஞ்சாயத்துக் கமிஷனரும் சேர்ந்து சர்டிபிகேட் கொடுத்தால்தான் அந்தக் கிராமத்துக்கு இலவச அரிசி. மே 31 வரை கெடு. அதுவரை அரிசியை நிறுத்தி வைக்க வேண்டும்! நாடு முழுவதும் கூச்சல் எழுந்தது. அன்றைக்கே உத்தரவை வாபஸ் வாங்கினார். தனது எண்ணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றார்.

வாபஸ் வாங்கியாகிவிட்டதே, விடுங்கள் என்று சிலர் சொல்லலாம். நாம் விடுவதாக இல்லை. ஏனென்றால், ஒருவருடைய மனசில் எது முதலாவது, எது இரண்டாவது என்பது இப்படி ஒரு நாள் வெளியே தெறித்து விழும்போதுதான் தெரிகிறது.

கக்கூஸ் எதன் மேல் கட்டுவது? மண்ணின் மேல். மண் யாருடையது? அரசலாற்றுக் கரையிலும் நாட்டாற்றுக் கரையிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் குடிசை போட்டிருப்பவனுக்குக் காலடி மண்ணுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவனுக்குக் கக்கூஸ் மானியம் வாங்கப் போனால் என்ன பதில் கிடைக்கும் என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். கடைமடைப் பூமி இது. ஐப்பசி கார்த்திகையில் இரண்டடி தோண்டினால் தண்ணீர் வருகிறது; தோண்டிய குழியே மிதக்கிறது. கட்டிய கக்கூஸுக்கும் ஊற்றத் தண்ணீர் வேண்டும். தெருக்குழாயில் குடத்தோடு நிற்கிற பெண் அந்தத் தண்ணீரைக் குடிப்பாளா, ஊற்றுவாளா? இருட்டும் வரையில் அடக்கிக்கொண்டு, இருட்டிய பின் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வயல்வரப்புக்குப் போகிற கொடுமையை ஒழிக்க வேண்டும் என்று நாமும்தான் சொல்கிறோம். அந்தப் பெண்ணுக்கு மனையும் குழாயும் கொடு என்று சொல்வது ஒரு வழி. அவள் பானையில் அரிசியை நிறுத்து, தானே வழிக்கு வருவாள் என்று சொல்வது இன்னொரு வழி. இரண்டாவது வழி ஜெயில் அதிகாரியின் வழி. ஜெயிலில் ஒழுங்காக இருந்த கைதிக்குச் சலுகை உண்டு, இல்லாதவனுக்கு இல்லை. காரைக்கால் ஜெயில் அல்ல. நாம் கைதிகளும் அல்ல.

அதற்குப் பிறகு வந்தது இன்னும் பெரிது. ரேஷன் கடையில் அரிசி போடுவதா, அதற்குப் பதிலாகப் பாங்கில் பணம் போடுவதா என்ற தகராறு. மந்திரிசபை அரிசி என்றது; அம்மையார் பணம் என்றார். விவகாரம் டில்லிக்குப் போயிற்று. டில்லி அம்மையார் பக்கம் நின்றது. முதல் மந்திரி ஐகோர்ட்டுக்குப் போனார். 2020-இல் கோர்ட்டும் அவர் மனுவை ஏற்கவில்லை. அரிசி போய்ப் பணம் வந்தது. பணம் வந்தால் நல்லதுதானே என்று பட்டணத்துப் பத்திரிகைகள் எழுதின. அரிசி விலை ஏறினால் பாங்கில் விழும் பணமும் கூடவே ஏறுமா? அரிசியாக வந்தால் அடுப்பங்கரைக்கு நேரே போகிறது. பணமாக வந்தால் வழியிலே சாராயக்கடை இருக்கிறது. நமது பகுதியில் தெருவுக்கு ஒன்றாக இருக்கிறது. இதையெல்லாம் கணக்கில் எடுக்கக் குடும்பம் நடத்துகிற பெண்களைக் கேட்டிருக்க வேண்டும். ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. அந்தக் கடைகளில் வேலை பார்த்தவர்கள் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் தெருவில் நின்று போராடினார்கள். 2024 அக்டோபரில், தீபாவளி சமயத்தில்தான் கடைகள் மறுபடி திறந்து அரிசி போட ஆரம்பித்தார்கள். ஆள் மாறி, மந்திரிசபை மாறி, அத்தனை வருஷம் கழித்து!

2019 பிப்ரவரியில் ஹெல்மெட் விவகாரம் நடந்தது. ஹெல்மெட் போட வேண்டியது அவசியம்தான். போடாமல் செத்தவர்களை நாம் தூக்கியிருக்கிறோம். ஆனால் கவர்னர் பதவியில் இருப்பவர் நடுத்தெருவில் இறங்கி வண்டிகளை மறித்து அதட்டியதைப் பார்த்தோம். சட்டையைக் கழற்றினாலும் சிலருக்கு உள்ளே காக்கி ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த மாதம் 13-ந் தேதி முதல் மந்திரியும் மந்திரிகளும் கவர்னர் மாளிகை வாசலில் தரையில் உட்கார்ந்து தர்ணா செய்தார்கள். ஜனங்கள் தேர்ந்தெடுத்த மந்திரிசபை தெருவில். டில்லி அனுப்பியவர் மாளிகையில்! பல நாள் நீடித்தது.

அந்த மாளிகைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பிரெஞ்சுக்காரன் காலத்துக் கவர்னர்கள் இருந்த அதே மாளிகைதான் அது. 1936 ஜூலை 30-ந் தேதி, புதுச்சேரி சவானா மில் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 12 தொழிலாளர்கள் பிணமானபோது, போலீஸும் பட்டாளமும் அந்த மாளிகையின் உத்தரவின் கீழ்தான் இருந்தன. அந்தக் கவர்னருக்கு எந்த மில் தொழிலாளியும் ஓட்டுப் போட்டதில்லை. பாரீஸ் அனுப்பியது, அவர் வந்தார். அந்த ரத்தத்துக்குப் பிறகு 1937-இல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே முதன்முதலில் எட்டு மணி நேரம் கண்ட தொழிலாளிகள் என்று இன்றும் மார்தட்டுகிறோம். அதே புதுச்சேரியில் ஏ.எப்.டி. மில்லை 2020 ஏப்ரல் 30-ந் தேதியோடு நிரந்தரமாக மூடினார்கள். அப்போது ஊரடங்கு, கூடி நின்று ஏன் என்று கேட்கக்கூடத் தொழிலாளிக்கு வழியில்லை.

‘பாரீஸ் போயிற்று, டில்லி வந்தது’ என்று சும்மா பேச்சுக்காகச் சொல்லவில்லை. 1963-ஆம் வருஷத்து யூனியன் பிரதேச அரசாங்கச் சட்டம் 44-ஆவது பிரிவைப் பாருங்கள். மந்திரிசபை ஆலோசனை சொல்லும். கவர்னருக்கும் மந்திரிக்கும் அபிப்பிராய பேதம் வந்தால் கவர்னர் ஜனாதிபதிக்கு எழுதிப் போடலாம். ஜனாதிபதி என்றால் நடைமுறையில் டில்லி உள்துறை. பதில் வருவதற்குள் அவசரம் என்று தோன்றினால் கவர்னர் தாமே உத்தரவு போடலாம். அன்றாட விவகாரங்களில் கவர்னர் தலையிடக் கூடாது என்று 2019 ஏப்ரல் 30-ந் தேதி சென்னை ஐகோர்ட்டில் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2020 மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் சேர்ந்து அதை ரத்து செய்தார்கள். ஆக, பூட்டும் சாவியும் டில்லியிலேயே இருக்கின்றன.

போலீஸ் விஷயத்தில் இது எப்படி வேலை செய்கிறது? இங்கே உள்துறை மந்திரி என்று ஒருவர் உண்டு. டில்லியைப் போல் அல்ல. காகிதத்தில் போலீஸ் அவர் கையில். ஆனால் பெரிய அதிகாரிகள் எல்லோரும் அருணாசலம், கோவா, மிஜோரம், யூனியன் பிரதேசங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பட்டியலிலிருந்து வருகிறார்கள். அனுப்புவதும் அழைத்துக்கொள்வதும் மத்திய உள்துறை. அவர்களில் நல்லவர்கள் இல்லாமலில்லை. ஆனால் நூலாறு எது, வாஞ்சியாறு எது, எந்த ஊரில் எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் பாதைத் தகராறு என்று தெரிந்துகொள்வதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நாமே ஒரு முறை பார்த்தோம். கூலிப் பாக்கி கேட்டதற்காக அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண்ணை அழைத்துக்கொண்டு ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். காலையில் போனவர்கள் விளக்கு வைக்கும் நேரம் வரை நின்றோம். ரைட்டர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். ஒரு மனிதர் அத்தனை நேரமா சாப்பிடுவார்! மனுவை வாங்கினார்கள்; ரசீது தரவில்லை. தொகுதியின் பிரதிநிதியைப் போய்ப் பார்த்தோம். ‘சொல்லிப் பார்க்கிறேன் தோழரே. ஆனா பெரிய ஆபீசர் வடக்கேயிருந்து வந்திருக்காரு. நம்ம பேச்சு எடுபடுமோ என்னவோ’ என்றார். ஓட்டு வாங்கியவருக்கு அதிகாரமில்லை. அதிகாரம் உள்ளவருக்கு ஓட்டுத் தேவையில்லை. அந்தப் பெண் யாரிடம் போவாள்?

அப்படியானால் அமெரிக்காக்காரன் மாதிரி போலீஸ் தலைவருக்கும் ஓட்டு வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கே நடந்ததைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

அலபாமா ராஜ்யத்தில் செல்மா என்ற ஊர். டல்லாஸ் கவுண்டி. ஷெரீப் பெயர் ஜிம் கிளார்க். 1965 மார்ச் 7-ந் தேதி ஓட்டுரிமை கேட்டு நடந்த நீக்ரோ மக்களை (அந்த நாளில் அப்படித்தான் எழுதினார்கள், இன்று கறுப்பின மக்கள் என்கிறோம்) பாலத்தின் மேல் மறித்து அடித்ததில் இந்தக் கிளார்க்கின் ஆட்களும் சேர்ந்திருந்தார்கள். அவரும் ஓட்டில் ஜெயித்து வந்தவர்தான். யாருடைய ஓட்டில்? அந்தக் கவுண்டியில் ஓட்டு வயது வந்த கறுப்பின மக்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் பட்டியலில் பெயர் இருந்தது. அந்த ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. பெயர்கள் ஏறின. 1966 மே மாதம் கிளார்க்குக்கு எதிராக வில்சன் பேக்கர் என்ற இன்னொரு போலீஸ்காரர் நின்றார். அவரும் வெள்ளைக்காரர்தான், புரட்சிக்காரர் ஒன்றும் அல்ல. ஆனால் கை நீளாதவர். கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் ஆறு ஓட்டுப் பெட்டிகளைச் செல்லாது என்று தள்ளப் பார்த்தார்கள். கோர்ட் தலையிட்டுப் பெட்டிகளை எண்ண வைத்தது. கிளார்க் தோற்றார். பக்கத்து லவுண்டஸ் கவுண்டியில் 1970-இல் ஜான் ஹியூலெட் என்பவர் ஷெரீப் ஆனார். அவர் கறுப்பினத்தவர், பர்மிங்ஹாம் நகரத்தில் வார்ப்படத் தொழிலாளியாக இருந்து ஊருக்குத் திரும்பியவர், அந்தக் கவுண்டியின் ஓட்டுரிமை இயக்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர். தோழர்களே, பின்னணி என்றால் இதுவும் பின்னணிதான். பரிசு வாங்கியது மட்டும் பின்னணியல்ல.

இது ஒரு பக்கம். மேற்கு வர்ஜீனியாவில் லோகன் கவுண்டி என்று ஒன்று இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கப் பிரதேசம். 1921-இல் அங்கே ஷெரீப் டான் சேபின். அவரும் தேர்தலில் வந்தவர்தான்! ஆனால் அவருடைய உதவி ஷெரீப்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் சுரங்க முதலாளிகள். சங்கம் வைக்க வந்தவனை ரயிலடியிலேயே பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளிகள் பிளேர் மலையை நோக்கி அணிவகுத்தபோது, சேபினின் ஆட்கள் மலைமேல் மிஷின் துப்பாக்கியோடு நின்றார்கள். ஆகாய விமானத்திலிருந்து குண்டும் போட்டார்கள். ஓட்டுப் போட்டவன் ஜனம், சம்பளம் போட்டவன் முதலாளி என்றால் ஷெரீப் யாருக்கு ஷெரீப்?

கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளிகள் 1965-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கெர்ன் கவுண்டி ஷெரீப்பின் ஆட்கள், வேலைநிறுத்தம் என்ற வார்த்தையைத் தங்கள் பாஷையில் சத்தம் போட்டுச் சொன்னதற்காக 44 பேரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 1966 மார்ச்சில் செனட்டர் ராபர்ட் கென்னடி நேரில் வந்து விசாரித்தார். குற்றம் செய்யாதவர்களை ஏன் பிடித்தாய் என்று கேட்டார். எதிர்த்தரப்பார் அவர்களைத் தாக்கப் போவதாகத் தகவல் வந்தது, ஆகவே இவர்களைப் பிடித்தேன் என்ற தோரணையில் ஷெரீப் பதில் சொன்னார்! அடிக்க வருகிறவனை விட்டுவிட்டு அடிபடப் போகிறவனைப் பிடிக்கிற இந்த நியாயம் நமக்குப் புதிதா? சாப்பாட்டு இடைவேளையில் அரசியல் சட்டத்தைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள் என்று கென்னடி அவருக்குப் புத்தி சொல்லி அனுப்பினார்.

நமது பக்கத்திலும் உண்டு. 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். உதவிக்கு வர வேண்டிய போலீஸ் உரிய நேரத்தில் வரவில்லை. அந்தப் போலீஸ் கவர்னரின் போலீஸ் அல்ல. ஜனங்கள் தேர்ந்தெடுத்த மந்திரிசபையின் போலீஸ். ஆகவே ஓட்டு மட்டும் இருந்தால் போதும் என்று நாம் சொல்லவில்லை. ஓட்டு இருந்தால் ஒருவனை இறக்கவாவது முடியும். செல்மாவில் இறக்கினார்கள். காரைக்காலில் ஒருவரை இறக்க நமக்கு வழி எது? 2021 பிப்ரவரி 16-ந் தேதி இரவு கிரண் பேடியை நீக்கினார்கள். நாமா நீக்கினோம்? கொண்டுவந்த அதே டில்லி, தேர்தல் நெருங்குகிற நேரம் பார்த்து, அழைத்துக்கொண்டது. ஆறாம் நாள், 22-ந் தேதி, மந்திரிசபையும் கவிழ்ந்தது.

ஆகவே இனி காரைக்காலின் ஐந்து தொகுதிகளில் எந்தச் சின்னத்தோடு யார் வந்து நின்றாலும், ரிடையரான அதிகாரியானாலும் சரி, சாராயக்கடை ஏலம் எடுத்தவரானாலும் சரி, நமது கிளைத் தோழர்கள் அவரைத் திண்ணையில் உட்கார வைத்து நிதானமாகக் கேட்க வேண்டும். நீ இதுவரை யார் சம்பளத்தில் இருந்தாய்? தேர்தல் செலவுக்குப் பணம் யார் கொடுத்தது? கூலித் தகராறில் நீ எந்தப் பக்கம் நின்ற நாள் ஒன்று சொல். 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கொடுக்கிற புகாரைப் பதிவு செய்ய மறுத்தால் ஸ்டேஷனுக்கு எங்களோடு நடந்து வருவாயா, அல்லது டெலிபோனில் பேசிப் பார்க்கிறேன் என்பாயா? மனு கொடுத்தவளுக்கு ரசீது வாங்கித் தருவாயா? 44-ஆவது பிரிவைத் திருத்த வேண்டும் என்று சட்டசபையில் எழுந்து பேசுவாயா, அல்லது மந்திரி பதவிக்காக வாயை மூடிக்கொள்வாயா? ‘மாநில அந்தஸ்து வாங்கித் தருவோம்’ என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்கள். சட்டசபையில் தீர்மானங்களும் போட்டாயிற்று. தீர்மானம் போட்ட கட்சிகள் டில்லியில் ஆட்சியில் பங்கு வகித்த காலங்களில் என்ன செய்தன என்பதையும் அதே திண்ணையில் கேட்டுவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். அது டில்லிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாத விஷயம். பிரெஞ்சுக்காரன் 1880-லேயே இங்கே முனிசிபாலிட்டிகளை ஏற்படுத்தித் தேர்தல் வைத்தான். அந்தத் தேர்தல்களில் தடிக் கம்பும் கள்ள ஓட்டும் புகுந்து விளையாடியது வேறு கதை. ஆனாலும் தேர்தல் என்று ஒன்று இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1968-இல் நடந்தது. அடுத்தது 38 வருஷம் கழித்து 2006-இல். அந்த மெம்பர்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2018-இல் சுப்ரீம் கோர்ட் நடத்து என்றது. 2021-இல் தேதி குறித்தார்கள். இட ஒதுக்கீட்டுக் குளறுபடியால் விவகாரம் ஐகோர்ட்டுக்குப் போய் நின்றது. 2018-இல் அம்மையார் சர்டிபிகேட் கேட்டபோது அதில் கையெழுத்துப் போட ஊரில் ஒரு வார்டு மெம்பர் கிடையாது. சம்பளக்காரக் கமிஷனர்தான் இருந்தார். தெருவிளக்குக்கும், சுடுகாட்டுப் பாதைக்கும், குழாய்க்கும் நாம் இன்னும் அந்த ஆபீஸ் வாசலில்தான் மனுவோடு நிற்கிறோம். ஓட்டுக் கேட்டு வருகிறவர் இந்தத் தேர்தலை எந்த வருஷம், எந்த மாதம் நடத்த வைப்பார் என்று தேதி சொல்லட்டும். சொன்ன தேதியைக் கிளை மினிட் புத்தகத்தில் எழுதி, அவருடைய கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.